ரத்தம் வராத பத்து நிமிடம்

போன வாரம் கீதா போன் செய்தாள். நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த பல் ஆஸ்பத்திரியில், என் இடத்தில் இப்போது நிற்கிறவள் அவள்.

"அக்கா, ஒரு வாட்ஸ்அப் செய்தி சுத்திக்கிட்டு இருக்கு. ஸ்டெம் செல் வச்சா விழுந்த பல்லு புதுசா முளைச்சிருமாம். வர்றவங்க எல்லாம் போனைக் காட்டிக் கேக்குறாங்க. டாக்டர்கிட்ட கேக்க யோசிச்சுக்கிட்டு எங்ககிட்ட கேக்குறாங்க. என்னன்னு சொல்றது?"

"மேடம் என்ன சொல்லச் சொன்னாங்களோ அதைச் சொல்லு" என்று போனை வைத்துவிட்டேன். கோச்சடை வீட்டில் மோட்டாரை நிறுத்த மறந்து, மாடித் தொட்டியிலிருந்து தண்ணீர் வழிகிற சத்தம் கேட்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை அது. அதனால் எழுதுகிறேன். கீதாவும் அவளோடு வேலை பார்க்கிற பிள்ளைகளும் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பயந்த சுபாவம். கேஸ் சிலிண்டரை மூடினேனா என்று பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பி வருகிற ஆள். என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை இதை வைத்தே என்னைக் கேலி செய்து பொழுதைப் போக்கினார். நர்சிங் உதவியாளர் படிப்பு படித்துவிட்டு இந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, பெரிய டாக்டர் ஒருவர் இந்தப் பயம் நல்லதுதான், விட்டுவிடாதே என்றார். முதல் நான்கு வருடம் கருவிகளைக் கழுவி அவித்து எடுத்துக் கொடுத்ததிலேயே போனது. அதன் பிறகு டாக்டருக்குப் பக்கத்தில், நாற்காலியின் இடப்புறம் நிற்கிற வேலை.

அந்த வேலையைப் பற்றி வெளியே அதிகம் தெரியாது. டாக்டர் கையை நீட்டும்போது வேண்டிய கருவி, கேட்காமலே, சரியான முனை திரும்பியபடி அந்தக் கையில் இருக்க வேண்டும். வாய் உலர்ந்திருக்க வேண்டும். ரத்தம் கசிந்தால் உறிஞ்சி எடுக்க வேண்டும். மரத்துப்போகிற ஊசி மருந்தில்கூட பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். அது ரத்தக் குழாயைச் சுருக்கி ரத்தக் கசிவைக் குறைக்கும், மரப்பையும் அதிக நேரம் நீடிக்க வைக்கும். ரத்தம் வராமல் பார்ப்பதுதான் எங்கள் பிழைப்பு என்றே சொல்லலாம். இருபது வருடத்துக்கு மேல் அதைச் செய்து செய்து என் கைக்கு அது மனப்பாடமாகியிருந்தது.

மங்கையர்க்கரசி மேடம் எங்கள் பிரிவுக்கு வந்தது என் வேலையின் கடைசிப் பத்து வருடத்தில். வேர் சிகிச்சையில் பெயர் எடுத்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதேயில்லை. கோபம் வந்தால் எழுந்து போய், ஏற்கெனவே கழுவிய கையை இன்னொரு முறை கழுவுவார். அவர் குழாயைத் திறந்தால் நாங்கள் தட்டில் இருக்கிற கருவிகளை மறுபடி அடுக்க ஆரம்பிப்போம். நோயாளியிடம் "சரியாயிரும்" என்று சொல்லமாட்டார். "பார்ப்போம்" என்பார். விளக்கம் சொல்லி முடித்ததும், "நான் என்ன சொன்னேன்னு நீங்க ஒருக்கா சொல்லுங்க" என்று கேட்பார். பாதிப் பேர் வேறு எதையோ சொல்வார்கள். முகம் சுளிக்காமல் முதலிலிருந்து மறுபடி சொல்வார்.

அவர் கொண்டுவந்த வழக்கம் ஒன்று உண்டு. எந்த மருந்தையும் கையில் கொடுப்பதற்கு முன், அதன் லேபிளை நாங்கள் சத்தமாக வாசிக்க வேண்டும். சின்னப் பிள்ளைகள் மாதிரி இது என்ன என்று எங்களுக்குள் சிரித்துக்கொண்டோம். ஆனால் செய்தோம்.

ஸ்டெம் செல் என்ற பேச்சு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் அந்தக் காலத்தில்தான். பல்லுக்குள் இருக்கிற சதையில், வேறு வேறு திசுக்களாக மாறக்கூடிய செல்கள் இருக்கின்றன. பால் பல்லிலும் உண்டு. இதை வைத்து ஒரு தனியார் கம்பெனிக்காரர் டை கட்டிக்கொண்டு வந்தார். குழந்தையின் பால் பல்லை எடுத்து, அதிலுள்ள செல்லைக் குளிர்பெட்டியில் பாதுகாத்து வைப்பார்களாம். பின்னால் பல் போனாலும் அதிலிருந்தே சரி செய்துகொள்ளலாமாம். நான் வாயைப் பிளந்து கேட்டேன். எனக்கே பிள்ளை சின்னதாக இருந்தால் முதல் ஆளாகச் சேர்ந்திருப்பேன்.

அது வரைக்கும் பால் பல் விழுந்தால் கூரை மேல் எறிவார்கள், இல்லையென்றால் சாணியில் உருட்டி வைப்பார்கள். இப்போது அதைப் பத்திரப்படுத்திக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒருவர் பத்து நாளைக்கு முன் விழுந்த பல்லைக் குங்குமச் சிமிழில் வைத்து, அதற்கு விபூதியும் பூசிக் கொண்டுவந்தார். காய்ந்த பல்லில் உயிருள்ள செல் ஏது? விழுவதற்கு முன்பே, ஆடுகிற பல்லாக இருக்கும்போதே எடுத்து, அவர்கள் கொடுக்கிற திரவத்தில் போட்டு உடனே அனுப்ப வேண்டும். அப்படிச் சிலருக்கு, அந்தக் கம்பெனிக்காக எங்கள் பிரிவில் போட்டிருந்த மேசையில் உட்கார்ந்து ஃபாரம் எழுதிக் கொடுத்தது நான்தான். அவர்களில் ஒருத்தி மேலூர் சரண்யா. அங்கே ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள். மகள் தர்ஷினிக்கு அப்போது ஆறரை வயது.

"இது நெசமாவே பிரயோசனப்படுமாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லாமலா இம்புட்டு பேர் போடுறாக? பின்னாடி பிள்ளைக்கு ஒண்ணுன்னா கையில இருக்கும்ல" என்றேன்.

இரண்டு மாதம் கழித்து மேடம் அந்த மேசையை எடுக்கச் சொல்லிவிட்டார். ஆராய்ச்சி அளவில் எங்கெங்கோ செய்து பார்க்கிறார்கள், நாளைக்கு ஒரு வழி பிறக்கலாம், ஆனால் இன்றைக்கு அந்தச் செல்லை வாங்கி இந்த ஊரில் ஒரு பல்லுக்குள் வைக்க வழியில்லை, வழியில்லாததை நம் மேசையில் வைத்து விற்கக் கூடாது என்றார். கீதா, உன்னிடம் கேட்கிறவர்களுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும். பொய் என்று சொல்லாதே. இன்னும் வரவில்லை என்று சொல்.

சரண்யா திரும்பி வந்தது ஒன்றரை வருடம் கழித்து. அழகர்கோவிலுக்குக் குடும்பத்தோடு போயிருக்கிறார்கள். கோவில் தோசையைப் பிள்ளை கையில் வைத்துத் தின்றுகொண்டிருக்க, குரங்கு ஒன்று பாய்ந்து பிடுங்கியிருக்கிறது. பயந்து ஓடியதில் கல்படியில் முகம் அடித்து விழுந்துவிட்டாள். மேல் வரிசை முன்பல் பாதி உடைந்துபோனது. பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டி மாத்திரை வாங்கிப் போட்டார்கள். வலி நின்றது. ஒரு மாதத்தில் ஈறில் சீழ் கட்டிவிட்டது.

பிள்ளையை நாற்காலியில் உட்கார வைப்பதற்குள் சரண்யா பையிலிருந்து அந்தக் கம்பெனியின் சான்றிதழை எடுத்து என்னிடம் நீட்டினாள். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தாள்.

"அன்னிக்கு நீங்க எழுதிக் குடுத்ததுக்கா. இப்ப இதை வச்சு சரி பண்ணிறலாம்ல?"

எனக்கு முகத்தைத் தூக்க முடியவில்லை. மேடம்தான் அவளிடம் பேசினார். அந்தச் செல்லை இப்போது பயன்படுத்த முடியாது என்பதை இரண்டு முறை சொன்னார். சரண்யா என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பிறகு மேடம் எக்ஸ்ரேயைக் காட்டினார். முன்பல் முளைக்கும்போது அதன் வேர் முழுதாக வளர்ந்திருக்காது. வெளியே வந்து இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் வேர் நீண்டு, சுவர் தடித்து, நுனி மூடும். தர்ஷினியின் பல் அதற்குள் செத்துவிட்டது. வேர் மெல்லிசாக, நுனி அகலத் திறந்து கிடந்தது. சிமெண்ட் வைத்து நுனியை அடைத்துவிடலாம். பல் நிற்கும், ஆனால் வேர் அதே மெல்லிசில் நின்றுவிடும், என்றைக்காவது ஒரு சின்ன இடிக்கே ஒடியலாம்.

"இன்னொரு வழி இருக்கு. பல்லு செத்தாலும் வேர் நுனிக்கு வெளிய இவளோட சொந்தச் செல்லு உயிரோட இருக்கலாம். அதைக் கொல்லாம உள்ள சுத்தம் பண்ணணும். அப்புறம் நுனியைத் தாண்டிக் குத்தி, ரத்தத்தை வேருக்குள்ள வர வைக்கணும். அந்த ரத்தம் உறைஞ்சா, அதுக்குள்ள செல்லு வந்து உக்கார்ந்து வேரை வளர்க்கலாம். வளர்க்கலாம்னுதான் சொல்றேன், வளர்க்கும்னு சொல்லல. இப்ப நான் என்ன சொன்னேன்னு சொல்லுங்க" என்றார்.

சரண்யா ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னாள். அந்த "லாம்" உட்பட.

முதல் தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. உள்ளே கழுவுகிற ஹைப்போ மருந்து வழக்கமான காரத்தில் இருந்தால் கிருமியோடு நல்ல செல்லும் செத்துப்போகும் என்று, அதைப் பாதிக்கும் கீழாகக் கலக்கச் சொன்னார் மேடம். நான் அளந்து கலந்து, தனி லேபிள் ஒட்டி, மூன்று முறை சரிபார்த்தேன். உள்ளே மருந்து வைத்து மூடி அனுப்பினோம். மூன்று வாரத்தில் சீழ் வற்றிவிட்டது.

இரண்டாவது தடவைதான் ரத்தம் வரவைக்கிற நாள். அன்றைக்கு மட்டும் அட்ரினலின் இல்லாத, நாங்கள் ப்ளெயின் என்று சொல்கிற வெறும் மருந்து ஊசி போட வேண்டும். ரத்தம் வர வேண்டுமே. முதல் நாளே மேடம் சொல்லியிருந்தார். வெறும் மருந்து பாட்டிலை நானே ஸ்டோரில் வாங்கி வந்து தட்டில் வைத்தேன். வழக்கமான அட்ரினலின் பாட்டில் எப்போதும் போல இடப்பக்கம் இருந்தது; இரண்டும் ஒரே அளவு பாட்டில்தான், லேபிள்தான் வேறு. என் கவனம் முழுக்கப் புதிதாக வந்த சாமான்களின் மேல் இருந்தது. வேருக்குள் கடைசியாக விடுகிற திரவம், ரத்தம் உறைந்த பிறகு அதன் மேல் வைக்கிற சிமெண்ட், எல்லாவற்றையும் அடுக்கி அடுக்கிப் பார்த்தேன். ஊசி பழகின வேலை. கை தானாக இடப்பக்கம் போனது. ஊசியை மேடம் கையில் கொடுக்கும்போது பாட்டிலைப் பார்க்காமலே என் வாய் "ப்ளெயின்" என்று சொல்லிவிட்டது.

பல்லை மட்டும் வெளியே விட்டு, ரப்பர் ஷீட் மாட்டி, மேடம் வேலையைத் தொடங்கினார். கழுவி முடித்து, ஃபைல் என்கிற மெல்லிய கம்பிக் கருவியை வேர் நுனியைத் தாண்டி விட்டுக் குத்தினார். சாதாரணமாக ஓரிரு நிமிடத்தில் ரத்தம் மேலே எட்டிப் பார்க்கும். வரவில்லை. காகிதக் குச்சியை உள்ளே விட்டு எடுத்தார். நுனியில் லேசாக ரோஸ் நிறம், அவ்வளவுதான். மறுபடி குத்தினார். காத்திருந்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், பத்து நிமிடம் போனது. பிள்ளை அசையாமல் படுத்திருந்தாள். கதவோரம் சரண்யா சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"அந்தப் பக்கம் உயிர் இல்ல போல" என்றார் மேடம் மெதுவாக. "அடைச்சிருவோம் பானு. சிமெண்ட் கலக்குங்க."

கண்ணாடித் தகட்டில் பொடியைக் கொட்டினேன். பக்கத்தில் தண்ணீரை எடுக்கத் திரும்பும்போதுதான் தட்டின் இடப்பக்கம் திறந்த பாட்டிலைப் பார்த்தேன். அட்ரினலின் கலந்தது. வெறும் மருந்து பாட்டில் வலப்பக்கம், மூடியின் முத்திரைகூடப் பிரியாமல் இருந்தது.

எனக்கு ஒரே நொடியில் எல்லாம் தெரிந்தது. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ரத்தம் வராமல் போவது இந்தச் சிகிச்சையில் நடக்கிறதுதான், மேடமே அப்படித்தான் எழுதுவார். சிமெண்டை வைத்துவிட்டால் அந்த வேர் இனி வளராது. சொன்னால், இருபத்தைந்து வருடம் சேர்த்த பெயர் அந்த அறையிலேயே போகும், அதுவும் சரண்யா காது கேட்க. ஏற்கெனவே ஒரு தடவை அவளை ஏமாற்றியவள் நான்.

உடனே சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. பொடியில் தண்ணீர் விட்டேன். கலக்கவும் ஆரம்பித்தேன். பாதி கலந்ததும் கை நின்றுவிட்டது.

"மேடம், ஊசி தப்பு."

மேடம் திரும்பினார். நான் பாட்டிலைத் தூக்கிக் காட்டினேன். லேபிளை அவரே வாசித்தார். ஃபைலைத் தட்டில் வைத்துவிட்டு எழுந்து போய்க் குழாயைத் திறந்தார். தண்ணீர் ஓடுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்து, "மருந்து வச்சு மூடிருவோம். ரெண்டு வாரம் கழிச்சுப் பார்ப்போம்" என்றார். மூடி முடித்ததும், "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்" என்றார்.

சொன்னேன். எந்த மருந்து, ஏன் ரத்தம் வரவில்லை, யார் தப்பு, எல்லாம்.

"அப்ப பல்லு போச்சா?"

"போகலம்மா. இன்னிக்குச் செய்ய முடியல. என் தப்புதான்."

சரண்யா மகளின் வாயைத் துடைத்துவிட்டுக்கொண்டே, "அன்னிக்கு ஃபாரம் எழுதினப்பவும் நீங்கதான்க்கா சொன்னீங்க" என்றாள். வாரேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மேடம் என் மேல் எழுத்து மூலம் புகார் எதுவும் கொடுக்கவில்லை. தப்பை மட்டும் நோயாளியின் கேஸ் ஷீட்டில் எழுதி, கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அதைவிட நான் பயந்தது அந்தப் பிள்ளைக்காகத்தான். மேலூர் பஸ் எத்தனை மணிக்கு மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டுக்கு வரும் என்று எனக்கு மனப்பாடம். இரண்டு வாரம் முடிந்த அன்றைக்கு ஒன்பதரை மணியிலிருந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்றே காலுக்கு வந்தார்கள். சரண்யா என்னிடம் பேசவில்லை. ஊசி மருந்தை எடுக்கும்போது நேராக என் பக்கத்தில் வந்து நின்று, "நானும் பார்க்குறேன்" என்றாள். மேடம் தடுக்கவில்லை. லேபிளை நான் வாசித்தேன், சரண்யாவும் கூடவே எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

ரத்தம் வந்தது. வேருக்குள் மெதுவாக ஏறி, மேடம் குறித்து வைத்திருந்த மட்டத்துக்கு வந்து நின்றது. உறிஞ்சுகிற குழாயைப் பிடித்தே பழகிய கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அது உறைகிறவரை கால் மணி நேரம் சும்மா நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு சிமெண்ட் வைத்து, மேலே பல்லைக் கட்டி அனுப்பினோம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தார்கள். ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் வெளிச்சத்தில் பிடிக்கும்போது முதலில் வேர் நுனியைத்தான் தேடுவேன். வேர்ச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்தது. நுனி குறுகியது. நான்காவது வருடம் கிட்டத்தட்ட மூடிவிட்டது. பல்லின் நிறம் மட்டும் லேசாகச் சாம்பல் ஓடியது. உள்ளே வளர்ந்திருப்பது பழைய பல் சதைதானா, வேறு ஏதாவது கடினத் திசுவா என்று எக்ஸ்ரேயில் சொல்ல முடியாது என்றார் மேடம். நரம்பு வந்திருக்கிறதா என்று பார்க்க, குளிர் வைத்துச் சோதிப்பார்கள்.

நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு அந்தச் சோதனை. தர்ஷினிக்குப் பன்னிரண்டு வயது. கூசினால் கையைத் தூக்க வேண்டும் என்று சொல்லியிருந்தோம். முதலில் பக்கத்துப் பல்லில், குளிர் ஸ்ப்ரே அடித்த பஞ்சை வைத்தார் மேடம். கை சட்டென்று உயர்ந்தது. பிறகு அந்தப் பல். எல்லோரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். கை உயர்ந்தது.

சரண்யா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருடத்தில் அவள் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. ஐயோ, தப்பித்தேன் என்று எனக்குள் ஏதோ உடைந்து கொட்டியது.

மேடம் திரும்பாமல் கையை மட்டும் என் பக்கம் நீட்டினார். "இன்னொரு பஞ்சு" என்றார். ஸ்ப்ரே என்று சொல்லவில்லை. எனக்குப் புரிந்தது. வெறும் பஞ்சைக் கொடுத்தேன். அதை அந்தப் பல்லில் வைத்தார்.

தர்ஷினி கையைத் தூக்கினாள்.

"கூசுச்சாம்மா?" என்றார் மேடம்.

பிள்ளை எங்கள் மூன்று பேரையும் பார்த்தாள். "நீங்க எல்லாரும் என்னையவே பார்த்துக்கிட்டு இருந்தீங்க. அதான் தூக்கினேன்."

தோளிலிருந்து கை எடுபட்டது. சரண்யா மேடத்திடம் கேட்டாள், நான்கு வருடமாகக் கேட்காததை. "அன்னிக்குப் போட்ட அந்தத் தப்பு ஊசியினாலயா மேடம்?"

"தெரியல. அந்த ஊசி போடாத பிள்ளைகள்லயும் பல பேருக்குக் கூச்சம் திரும்புறதில்ல. வேர் வளர்ந்திருக்கு, நல்லாக் கடிக்கிறா. அம்புட்டுதான் எனக்குத் தெரியும்."

அன்றைக்குப் பத்து நிமிடம் குத்திய குத்து நுனியில் இருந்த உயிரைக் காயப்படுத்தியதா, இல்லையா? அந்தப் பதிலை எந்த எக்ஸ்ரேயும் எனக்குத் தரப்போவதில்லை.

சரண்யா என் பக்கம் திரும்பினாள். "நீங்க அன்னிக்குச் சொல்லாம இருந்திருந்தா, எனக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காதுல்லக்கா."

"ஆமாம்மா" என்றேன்.

அவள் பைக்குள் கையை விட்டு மகளின் சிகிச்சை அட்டையை எடுத்தாள். விரித்து, என் முன்னால் மேசையில் வைத்தாள். "அடுத்து எப்ப வரணும்னு நீங்களே எழுதுங்க. சரியான தேதியாப் போடுங்க."

எழுதினேன். அந்தத் தேதியில் நான் அங்கே இருக்கமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதினேன்.